ஊதி விடுங்கள்

நெல்லிக்குப்பம் நகராட்சியில்
புகை மிஷின் தூக்குகிறவன் நான்.
பதினோரு வருஷம்.
என் சட்டையை மோந்தாலே
கொசு அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்பாள்
அஞ்சலாட்சி.

அது பொய் என்று
தைப்பூசத்துக்கு முதல் ராத்திரி
வடலூர்ப் பெருவெளியில் தெரிந்தது.

தார்ப்பாய் ஒன்று, கோணி இரண்டு,
குறிஞ்சிப்பாடி பந்தல்காரரிடம்
வாடகைக்கு எடுத்த ஜமுக்காளம்.
தலைமாட்டில் அன்னதானப் பந்தல்,
கால்மாட்டில் ராட்டினம்.
தூரத்தில் நெய்வேலிப் புகைபோக்கி
சிவப்பாய் இமைத்துக்கொண்டு,
அதுவும் தூங்காமல்.

முதலில் எறும்பு வந்தது,
கனிஷ்கா பாவாடையில் சிந்திய
சர்க்கரைப் பொங்கலை விசாரித்துக்கொண்டு.
பிறகு கொசு.
அதற்கும் பிறகு
ஜமுக்காளத்தின் மடிப்பிலிருந்து
வாடகைக்குள்ளேயே அடங்கிய
மூட்டைப்பூச்சி.

கை தானாக எழுந்தது.
பக்கத்துத் தார்ப்பாயில்
விருத்தாசலம் புருஷோத்தமன்,
வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு,
எழுந்து உட்கார்ந்தார்.
"இந்த மண்ணில் அடிக்கக் கூடாதுங்க.
ஊதி விடுங்கள்."

ஊதினேன்.
பிடரியில் உட்கார்ந்ததை எப்படி ஊதுவது?
அஞ்சலாட்சி என் பிடரியை ஊத
நான் அவள் கணுக்காலை ஊத
கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில்
இப்படி ஊதிக்கொண்டதில்லை நாங்கள்,
அவள் கையில் சாம்பார் கொட்டிய அன்றுகூட.

கற்பூரம் கரைத்த தேங்காயெண்ணெய் தடவினோம்.
அதன் வாசனைக்கு
ஒரு வண்டு புதிதாக வந்து சேர்ந்தது.
சேத்தியாத்தோப்புக் கும்பல்
நொச்சித் தழையைப் போட்டுப் புகை மூட்டியது.
காற்று மாறி
புகை எங்கள் பக்கம் வந்தது,
அவர்களுடைய கொசுவையும் கூட்டிக்கொண்டு.

"கடிக்கிறது எல்லாம் பொம்பளைக் கொசுவாப்பா?"
ஆமாம். முட்டை வைக்க ரத்தம் வேணும்.
"அப்ப அதுக்கும் அன்னதானந்தான்."
சொல்லிவிட்டுச் சொறிந்துகொண்டே தூங்கிப்போனாள்.

எனக்குத்தான் தூக்கம் இல்லை.
மூன்று நாள் முன்னால்
ஆள் போதவில்லை என்று எங்களையும் கூப்பிட்டு
இதே மைதானத்து வடக்கோரச் சாக்கடைக்கு
மருந்தடிக்க வைத்தார்கள்.
ஆயிரமா லட்சமா, எண்ணிப் பார்த்ததில்லை.
தண்ணீரில் நெளிந்த கூத்தாடிகள்
கொஞ்சம் கொஞ்சமாக நேராகி நின்றன.
அதைக் கனிஷ்காவிடம் சொல்லவில்லை,
புருஷோத்தமனிடமும்.

மூன்று மணி இருக்கும்.
பனி இறங்கித் தார்ப்பாய் நமுத்திருந்தது.
பக்கத்தில் பளீரென்று ஒரு சத்தம்.
தொடையா கன்னமா என்பது
தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும்.
கன்னம்.
நான் கண்ணைத் திறக்கவில்லை.
அஞ்சலாட்சி மட்டும் இருமினாள்.
கொஞ்ச நேரம் கழித்து
இருட்டுக்குள் மெதுவாக
துண்டால் எதையோ துடைக்கும் ஓசை.

விடியலில் சபைக்கு முன்
எனக்கு முன்னால் ஆயிரம் தலை.
கறுப்புத் திரை விலகியது தெரிந்தது,
அப்புறம் யாரோ ஒருவரின் தோளில் இருந்த குழந்தை.
எல்லாத் திரையும் போய்
ஜோதி என்று கூட்டம் கத்தியபோது
குவித்த கைகளோடு எம்பினேன்.
அதே நேரம் என் காதுமடலில்
ஒன்று உட்கார்ந்தது.
ஊதவும் முடியாது.
நின்றேன்.
குடித்து முடித்து
கனத்துப் போய்
அது எழுந்து போகிற வரைக்கும் நின்றேன்.
வெளிச்சத்தைப் பார்த்தாயா என்று கேட்டால்
பார்த்தேன் என்றுதான் சொல்கிறேன்.

புருஷோத்தமன் விடைபெறும்போது
வலது கன்னத்தைக் காட்டாமலே பேசினார்.
முகவரி எழுதிக் கொடுத்தார்.
நல்ல மனுஷர்.

ஜமுக்காளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.
மூட்டைப்பூச்சி மட்டும்
பைக்குள் ஏறி வீடு வந்துவிட்டது.
அஞ்சலாட்சி மெத்தையை மொட்டைமாடிக்கு இழுத்துப்போய்
உச்சி வெயிலில் விரித்தாள்.
வாசற்படியில் நின்று பார்த்தேன்.
"நான் ஒண்ணும் பண்ணலை" என்றாள்,
"வெயில் பார்த்துக்கும்."

மத்தியான ஷிஃப்ட்.
மிஷினுக்கு டீசல் ஊற்றினேன்.